வெல்லமும் ஒரு தேங்காயும்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் வங்கிக் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் மதுரைப் பையன் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, வீட்ல நாய்க்குட்டி எடுத்திருக்கோம். பெட்டை. கருத்தடை ஆப்பரேஷன் எத்தனை மாசத்துல பண்ணணும்?" சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டான். ஒரு எண்ணைச் சொன்னால் எழுதிக்கொண்டு எழுந்து போயிருப்பான்.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு எண்தான் வேண்டியிருந்தது. ஒரு டாக்டர் 6 மாதம் என்றார். இன்னொருவர் வருடம் திரும்பட்டும் என்றார். வீட்டில் என் மாமியார் ஒரு ஈத்து முடியட்டும் என்றார். கடைசியில் எங்கள் வெல்லத்துக்கு ஆப்பரேஷன் நடந்தபோது அவளுக்கு 14 மாதம் முடிந்திருந்தது. அந்த 14 நாங்கள் யோசித்துப் பிடித்த எண் என்று சொன்னால் பொய். பாதி படித்துத் தெரிந்துகொண்டது, பாதி தானாக வந்து சேர்ந்தது.

வெல்லம் ஒரு லாப்ரடார். 2022 டிசம்பர் கடைசியில் பிறந்தவள், 50 நாள் குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். செம்பூர் செட்டா நகரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், இரண்டாவது மாடி. நானும் அவரும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் கல்லூரியில். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அத்தை மட்டும்தான். அம்பாசமுத்திரத்துக்காரர். பம்பாய்க்கு வந்து 40 வருடம் ஆகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. குட்டியைப் பார்த்ததும் "அச்சு வெல்லம் நிறத்துல இருக்காளே" என்றார், பெயர் அதுவே ஆகிவிட்டது. கீழ் வீட்டு மராத்தி ஆஜிக்கு வெல்லம் என்றால் என்னவென்று சொன்னதும் அவர் 'கூள்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார். வெல்லம் இரண்டுக்கும் வாலாட்டும். சோறு போடுகிற யார் எப்படிக் கூப்பிட்டாலும் அதற்குச் சம்மதம்தான்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஹீட் என்பது பெட்டைக்கு ரத்தம் போகிற பருவம். முதல் ஹீட்டுக்கு முன்னால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு 0.5 சதவீதம், ஒரு ஹீட் கழித்து எடுத்தால் 8, இரண்டு ஹீட் ஆகிவிட்டால் 26. "ஜூன் கடைசியில ஆறு மாசம் ஆயிடும். கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் அதற்குமேல் ஒரு நாள் தாமதித்தால் நான் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி இருந்தது.

நான் கடன் பிரிவில் 26 வருடம் குப்பை கொட்டியவள். சதவீதம் என்று யாராவது சொன்னால், எதில் சதவீதம் என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. அன்று ராத்திரி தேடி உட்கார்ந்தேன். அந்த எண்கள் 1969-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்விலிருந்து எடுத்தவை. 26 சதவீதம் என்றால் நூறு நாயில் 26 நாய்க்குக் கட்டி வரும் என்று அர்த்தமே இல்லை. ஆப்பரேஷனே செய்யாத பெட்டைக்கு உள்ள ஆபத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஹீட் கழித்துச் செய்த பெட்டைக்கு அது 26. அதாவது அப்போதும் முக்கால் பங்கு குறைகிறது! சுவரில் இருந்த படம் குறைவதையே கூடுவது மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. 2012-ல் லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ்காரர்கள் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, சான்று பலவீனமாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் செய்தால் பலன் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த பயம் போய்விட்டது.

ஜூன் கடைசியில் செய்யாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, மழை. பம்பாய் மழையில் தையல் போட்ட வயிற்றோடு ஒரு நாயை இரண்டு மாடி இறக்கி, தேங்கின தண்ணீரில் மூத்திரம் போக வைத்து, திரும்ப ஏற்றித் துடைத்து... யோசிக்கும்போதே எனக்கு இடுப்பு வலித்தது.

அத்தையின் கட்சி வேறு. "பெட்டையாப் பொறந்தது ஒரு ஈத்தாவது ஈன வேண்டாமாளா? வயித்தைத் திறந்து பார்க்காமலே மூடிரச் சொல்லுதியே." அவர் அப்பா வீட்டில் மாடு வைத்திருந்தவர்கள். ஈத்து என்றால் பால், கன்று, வருமானம். நாய்க்கு ஒரு முறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்று நம் ஊரில் மட்டுமில்லை, இங்கே மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்கூடச் சொல்கிறார்கள். கேட்ட டாக்டர்கள் எல்லாரும் அப்படி ஒரு பலன் கிடையாது என்றே சொன்னார்கள். லாப்ரடார் ஒரு தடவைக்கு ஆறு, ஏழு, எட்டு என்று போடும். 600 சதுர அடியில் ஏழு குட்டி. கியாரண்டி கையெழுத்துப் போட ஆள் இல்லாத ஏழு கடன் மாதிரி. நான் அத்தையிடம் வாதாடவில்லை. "எட்டு குட்டியையும் நீங்கதான் பாத்துக்கணும் அத்தை" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் பேச்சே இல்லை.

செய்யாமலே விட்டுவிடலாமா என்ற யோசனை எனக்கும் இருந்தது. அதை முடித்துவைத்தது கீழ் வீட்டு ஆஜியின் பொமரேனியன். ஒன்பது வயதுப் பெட்டை, பெயர் சோனு. அந்த ஜூலையில் அது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. சாப்பாடு வேண்டாம், படி ஏறாது, ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். ஆஜி வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ராத்திரி அது எழுந்திருக்கவே இல்லை. என் கணவரும் நானும் ஆட்டோ பிடித்து, அங்கே இங்கே அலைந்து, கடைசியில் பரேல் பக்கம் ராத்திரியிலும் ஆப்பரேஷன் செய்கிற ஒரு இடத்தில் சேர்த்தோம். கருப்பைக்குள் சீழ். எடுத்ததை டாக்டர் தட்டில் வைத்துக் காட்டினார். நூல் மாதிரி இருக்க வேண்டிய இரண்டு குழாயும் முற்றிய புடலங்காய் கணக்கில் உருண்டிருந்தன. சோனு பிழைத்துக்கொண்டது. பணம் எவ்வளவு ஆயிற்று என்பதை ஆஜி இன்றுவரை மகனிடம் சொல்லவில்லை. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுவீடனில் நாய்களுக்குக் காப்பீடு எடுப்பது வழக்கம் என்பதால் அங்கே கணக்கு துல்லியமாகக் கிடைக்கிறது. ஆப்பரேஷன் ஆகாத பெட்டைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இந்தச் சீழ் வந்துவிடுகிறதாம். ஹீட் வந்துபோன ஒன்று, இரண்டு மாதத்துக்குள் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தால் வேடிக்கை பார்க்காதீர்கள்.

ஆக, செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி.

சோனுவைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவிடமே வெல்லத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் படம் எதுவும் காட்டவில்லை. வெல்லத்தின் பின்னங்கால் முட்டியைக் கையால் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். "இன்னும் வளர்ந்துட்டிருக்கா" என்றார். எலும்பின் முனையில் குருத்தெலும்பாக ஒரு தட்டு இருக்கும், எலும்பு அங்கேதான் நீளும், போதும் நிறுத்து என்று அதற்குச் சொல்வது பருவ ஹார்மோன்தான் என்று விளக்கினார். அந்த ஹார்மோன் சுரக்கிற இடத்தை ஆறு மாதத்திலேயே எடுத்துவிட்டால், நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீளும், முட்டியின் கோணம் மாறும், உள்ளே இருக்கிற தசைநார் மேல் பாரம் ஏறும். சின்ன நாய்க்கு இது பெரிய விஷயமில்லை. 30 கிலோ நாய்க்கு விஷயம்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹார்ட் தம்பதி பல வருடமாக இதைத்தான் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்டதில், ஆப்பரேஷன் ஆகாத லாப்ரடார்களில் 5 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு மூட்டுக் கோளாறு. ஆறு மாதத்துக்குள் ஆப்பரேஷன் ஆனவற்றில் அது இரண்டு மடங்கு. கோல்டன் ரெட்ரீவருக்கு நாலு, ஐந்து மடங்கு! 2020-ல் 35 இனங்களை எடுத்துப் பார்த்தார்கள். சின்ன இனங்களில் எந்த வயதில் செய்தாலும் மூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் லாப்ரடார் என்றால் ஆறு மாதம் தாண்டினால் போதும், பெட்டை லாப்ரடார் என்றால் ஒரு வருடம் தாண்டட்டும் என்பது அவர்கள் யோசனை. ஒரே இனத்திலேயே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆறு மாதம் என்று பொதுவாக அடித்துச் சொல்வதில் உள்ள கோளாறு எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா இதை எல்லாம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டது இரண்டே கேள்வி. "எத்தனையாவது மாடி? பகல்ல வீட்ல யாரு?" இரண்டாவது மாடி, மாமியார் என்றேன். "மாமியார் கதவை மூடி வைக்கிற ஆளா?" என்றார். அதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவு காலை ஆறரைக்குப் பால்காரனுக்குத் திறந்தால் ராத்திரி பத்துக்குத்தான் சாத்தும். அம்பாசமுத்திரத்து வழக்கம். வருடம் திரும்பும்வரை காத்திருப்பது என்றால் நடுவில் ஒரு ஹீட்டை வீட்டுக்குள் வைத்து ஓட்ட வேண்டும், அதற்கு முடியுமா என்பதுதான் அவர் கேட்டதன் அர்த்தம். முடியும் என்றேன். தைரியம்தான்!

2023 அக்டோபர் 15 நவராத்திரி ஆரம்பம். ஹாலில் ஐந்து படி கொலு. மூன்றாம் நாள் காலையில் கோலத்துக்குப் பக்கத்தில் மொசைக் தரையில் குங்குமம் சிந்தின மாதிரி இரண்டு சொட்டு. அத்தை குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்க் கையைக் கழுவினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வீட்டுக்கு விலக்கானால் பூஜை அறைப் பக்கம் என்னை வரவிடாதவர் அவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வெல்லத்தின் பாய் ஹாலில் இல்லை. அத்தையின் அறையில், அவர் கட்டிலுக்குக் கீழே விரித்திருக்கிறது, மேலே மாமாவின் பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார். "மூணு வாரம் இது என் கூட கெடக்கட்டும். கொலுவுக்கு வாரவுக காலுல இடறாம." அவ்வளவுதான். என் மகள் அப்பாவின் பழைய டிரவுசரில் வாலுக்கு ஓட்டை போட்டு ஒரு ஜட்டி தைத்தாள். அதை வெல்லம் அரை மணி நேரத்தில் கழற்றித் தின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ரத்தம் நன்றாகப் போகிற முதல் ஒன்பது, பத்து நாளில் ஆண் நாய்கள் வாசலில் தவம் கிடக்கும், ஆனால் பெட்டை கிட்டவே சேர்க்காது. அப்புறம் சிவப்பு குறைந்து வெளிறும். அப்பாடா, முடிந்தது என்று நாம் மூச்சு விடுவோம். உண்மையில் அப்போதுதான் அது ஆணை ஏற்கிற நாட்கள் ஆரம்பிக்கின்றன, அடுத்த ஒன்பது நாள் வரைக்கும்கூடப் போகும்.

அக்டோபர் 28, நாலாவது சனிக்கிழமை, எனக்கு வங்கி விடுமுறை. பன்னிரண்டாம் நாள். சொட்டு நின்று தரை சுத்தமாகியிருந்தது. கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். அவன் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியே போகும் அந்த இடைவெளியில் என் புடவைக் கொசுவத்தை உரசிக்கொண்டு ஏதோ போனது மாதிரி இருந்தது. படியில் நகம் சறுக்குகிற சத்தம். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

நான் கீழே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற சந்தில் வெல்லமும் எங்கள் கேட்டில் படுத்துக் கிடக்கும் கறுப்பு வெள்ளைத் தெரு நாயும் ஆளுக்கொரு திசை பார்த்து, பின்னால் மாட்டிக்கொண்டு நின்றன. வெல்லத்தின் முகத்தில் வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, எதற்கு இவ்வளவு கூட்டம் என்கிற மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. கூட்டம் உண்மையிலேயே கூடிவிட்டது. பையன்கள் சிரிக்கிறார்கள், சொசைட்டி செக்ரட்டரி மேலே பால்கனியிலிருந்து என்ன சத்தம் என்கிறார். ஆஜி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். வாட்ச்மேன் தடுத்தார். பிரிக்கக் கூடாது, இரண்டுக்கும் உள்ளே கிழிந்துவிடும், தானாக விடும், இருபது நிமிஷம் ஆகும் என்றார். அந்த இருபது நிமிஷமும் நான் புடவை முந்தானையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வேறு. ஏழு குட்டி, எட்டு குட்டி, டாக்டரம்மா கேட்ட கேள்வி எல்லாம் வரிசையாக வந்தன.

வாட்ச்மேன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார், "ஏன் ஆன்ட்டி அழறீங்க? அவன் காதைப் பாருங்க."

பார்த்தேன். காது நுனியில் ஒரு துண்டு இல்லை, கத்தரியால் வெட்டினது மாதிரி. தெரு நாயைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, அதே தெருவில் திரும்ப விடும்போது அடையாளத்துக்கு வெட்டுகிற வெட்டு. மூன்று வருடத்துக்கு முன்னாலேயே முனிசிபாலிட்டி வண்டி இவனைக் கொண்டுபோய்விட்டது என்றார் வாட்ச்மேன். நான் குனிந்து பின்பக்கமும் பார்த்தேன், ஆமாம், ஒன்றும் இல்லை. விரையை எடுத்த பிறகும் சில ஆண் நாய்களுக்கு அந்தப் புத்தி போவதில்லை, சேரும், மாட்டிக்கொள்ளக்கூடச் செய்யும், குட்டி மட்டும் வராது என்று பிறகு டாக்டரம்மா விளக்கினார். ஆப்பரேஷன் ஆன முதல் சில வாரங்களுக்கு மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். மூன்று வருடம் ஆனவனிடம் பயமில்லை.

எவ்வளவு யோசித்திருக்கிறேன் அந்த வருடம்! ஆறா, பன்னிரண்டா, ஹீட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ராத்திரி ராத்திரியாகக் கணக்குப் போட்ட என் வீட்டு நாயைக் கடைசியில் காப்பாற்றியது, வயது பார்க்காமல் வண்டியில் ஏற்றப்பட்ட ஒருவன். அன்று சாயங்காலம் அவனுக்கு அத்தை கையால் தயிர்சாதம் போயிற்று. "மாப்பிள்ளைக்கு ஊறுகா வேண்டாமா?" என்று என் கணவர் கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இருந்தாலும் நான் இறங்கி வருவதற்குள் வேறு எவனாவது வந்துபோயிருந்தால்? நவம்பர் கடைசியில், சரியாக ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பது வெல்லத்துக்குத் தெரியவில்லை. மார்கழி பிறந்த வாரம், சமையலறைக் கூடையிலிருந்து ஒரு தேங்காயைக் காணோம். குடுமியோடு இருந்த தேங்காய். அத்தை கட்டிலுக்குக் கீழே பார்த்தால், வெல்லம் வேட்டியைச் சுருட்டிச் சுருட்டிக் குழி மாதிரி பண்ணி, நடுவில் தேங்காயை வைத்து, அதைச் சுற்றி வளைந்து படுத்திருக்கிறாள். செருப்பு, புத்தகம், சோபாக் கால் எல்லாவற்றையும் பல்லால் பதம் பார்த்தவள், அந்தத் தேங்காயைக் குடுமியில் மெல்லக் கவ்வித் தூக்குவாள். ஒரு நாரும் பிய்ந்து வராது. நக்கி நக்கி ஓடு பளபளவென்று ஆகிவிட்டது. வயிற்றைத் தொட்டால் காம்பில் பால் கசிந்தது.

பெட்டை நாய்க்கு இது சகஜமாம். குட்டி உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் ஹீட்டுக்குப் பிறகு உடம்பு அதே ஹார்மோன் வழியில்தான் போகும். இரண்டு மாத வாக்கில் அது இறங்கும்போது பால் சுரக்கும், தாய்மை வந்துவிடும். அந்த நேரத்தில் ஆப்பரேஷன் செய்தால் அந்த நிலை சீக்கிரம் தீராமல் இழுத்துக்கொண்டே போகலாம், வற்றட்டும், காம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், தொட்டால் இன்னும் சுரக்கும் என்றார் டாக்டரம்மா. அத்தையிடம் அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் சட்னிக்குத் தேங்காய் இல்லை, நான் கட்டிலுக்குக் கீழே கையை நீட்டினேன். "எடுக்காத ஏளா" என்றார், சத்தமே இல்லாமல். நான் கையை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு இட்லிக்குப் பொடிதான்.

பதினைந்து நாள் அப்படியே. ஒருநாள் காலையில் வெல்லம் எழுந்து வந்து என் செருப்பைக் கடித்தாள். தேங்காய் கட்டிலுக்குக் கீழே கேட்பாரற்றுக் கிடந்தது. அத்தை அதைத் துடைத்துப் பரணில் போட்டார். ஒரு ஈத்து வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஹீட் ஆரம்பித்து மூன்று மாதம் ஆனால் உள்ளே ரத்த ஓட்டம் அடங்கியிருக்கும், வெட்டுவதற்கு நல்ல சமயம் என்பது கணக்கு. ஜனவரி கடைசி என்று நாள் குறித்தோம். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 74 ஆயிரம்தான் இருந்தது. உண்ணிக் காய்ச்சல். வெளியே ஒரு அறிகுறியும் இல்லை, சாப்பாடு வெட்டுகிறாள், ஓடுகிறாள். அந்த ரத்தத்தோடு கத்தி வைத்திருந்தால் ரத்தம் நின்றிருக்குமா என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. வயது சரியா தப்பா என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள், இதைப் பற்றி யோசித்ததே இல்லை. பம்பாய் மாதிரி உண்ணி மண்டிக் கிடக்கிற ஊரில் ரத்தம் பார்க்காமல் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுக்கிற இடத்துக்கு நான் போக மாட்டேன். 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, சோற்றுக்கு நடுவில் வைத்து. மறுபடி பரிசோதனை, எண்ணிக்கை ஏறியிருந்தது. ஏப்ரலில் அடுத்த ஹீட் வந்துவிடலாம். கிடைத்த நாள் 2024 மார்ச் 9.

மார்ச் 8 மகா சிவராத்திரி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றதால் அத்தையும் வெல்லமும் சேர்ந்து பட்டினி. ஒருவர் டிவியில் நாலு கால பூஜை பார்த்தார், இன்னொருத்தி காலித் தட்டைப் பார்த்தாள்.

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மணி நேரம். சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தாள், மாடி வரைக்கும் அவரும் வாட்ச்மேனும் பெட்ஷீட்டில் தூக்கினார்கள். கழுத்தில் மாட்டின பிளாஸ்டிக் கூம்போடு கதவு நிலை, ஃப்ரிட்ஜ், அத்தையின் முட்டி எல்லாவற்றிலும் இடித்தாள். இரண்டாம் நாள் அதைக் கழற்றிவிட்டு, மகளின் பழைய டீ ஷர்ட்டை மாட்டிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டோம். நக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று.

அதற்குப் பிறகு வந்த பிரச்சினை இட்லி. இனி உடம்புக்குச் சக்தி குறைவாகத்தான் தேவைப்படும், சாப்பாட்டில் கால் பங்கைக் குறையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அத்தையின் சாஸ்திரத்தில் வயிறு கிழித்த உடம்புக்கு நெய் விட்டுக் கொடுக்க வேண்டும். நாலு மாதத்தில் 27 கிலோ 31 ஆனது. லாப்ரடாருக்கு ஏற்கெனவே பசிக்குக் கேட்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் 2016-ல் கண்டுபிடித்தார்கள், நாலில் ஒரு லாப்ரடாருக்கு வயிறு நிறைந்ததை உணர்த்துகிற ஒரு மரபணுவிலேயே ஒரு துண்டு இல்லையாம். எங்கள் வீட்டில் இருப்பது அந்த நாலில் ஒன்று என்று நான் பத்திரம் எழுதித் தருகிறேன். முட்டியைக் காப்பாற்ற ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, அதே முட்டிமேல் நாலு கிலோ இட்லியை ஏற்றியிருக்கிறோம். இப்போது அளவுக் கோப்பை என் பீரோவில், சாவி என் இடுப்பில். 29-க்கு இறங்கியிருக்கிறாள். பெரிய நாய்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு தூக்கத்தில் மூத்திரம் கசியலாம் என்று எச்சரித்தார்கள், இதுவரை இல்லை.

இத்தனையையும் அந்தப் பையனிடம் சொல்ல முடியாது. பாதி சொல்வதற்குள் மணி இரண்டே கால் ஆகிவிட்டது, கவுண்டரில் ஆள் நிற்கிறார்கள். எழுந்திருக்கும்போது கேட்டேன்.

"என்ன நாய்டா?"

"தெரு நாய்க்குட்டிதான் அக்கா. குர்லா ஸ்டேஷன் பக்கத்துல கிடைச்சது. இவ தூக்கிட்டு வந்துட்டா."

தெரு நாய்ப் பெட்டை 20 கிலோவைத் தொடுவது அபூர்வம். டேவிஸ்காரர்கள் கலப்பு நாய்களுக்கு எடை வாரியாகவும் பார்த்திருக்கிறார்கள், 20 கிலோவுக்குக் கீழே வயதால் மூட்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எத்தனையாவது மாடி?"

"சால்தான் அக்கா, வரிசை வீடு, கீழ. பொதுத் தாழ்வாரம்."

"பகல்ல?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போவோம்."

"மழை முடிஞ்சதா பாத்து, ஆறு மாசம் ஆனதும் பண்ணிடு. முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணு. தட்டணு எவ்வளவுன்னு எனக்குச் சொல்லு."

அவன் உள்ளங்கையில் 6 என்று எழுதிக்கொண்டான். பக்கத்தில் ஏதோ கிறுக்கினான், ரத்தம் என்றுதான் எழுதியிருப்பான் என்று நம்புகிறேன்.